ப்ளவுஸ் வெட்டுத்துணி, அம்மாவோட பழைய சேலை வச்சு குவில்ட் தைக்க இறங்கிருக்கேன் - சாயம், பஞ்சு, விலை மூணுலயும் குழப்பம்

ஊசிமுனை (திண்டுக்கல்)

வணக்கம் எல்லாருக்கும். நான் திண்டுக்கல்ல வீட்லயே வச்சு ப்ளவுஸ் தைக்கிறேன், 11 வருசம் ஆச்சு. கருப்பு உஷா, கால் மெஷினா வாங்குனது, பிறகு மோட்டார் மாட்டிக்கிட்டேன். ப்ளவுஸ் வெட்டுனா மிஞ்சுற பிட்டு, லைனிங் துண்டு இதெல்லாம் தூக்கிப் போட மனசே வர்றதில்ல, அரிசிச் சாக்குல போட்டுக் கட்டி பரண்ல ஏத்தி ஏத்தி இப்ப 4 சாக்கு சேர்ந்துருச்சு. அதுபோக எங்கம்மா கட்டிக் கட்டி நைஞ்ச காட்டன் சேலை ஒரு 7, 8 இருக்கு, சின்னாளபட்டி, சுங்குடி, செட்டிநாடு கண்டாங்கின்னு. துவைச்சு துவைச்சு துணி பூ மாதிரி ஆயிருச்சு. "கிழிச்சு கரித்துணியா வச்சுக்கடி"ன்னு குடுத்துட்டாங்க, எனக்குத்தான் கரித்துணியாக்க மனசு வரல.

கொஞ்ச நாளா போனைத் திறந்தா குவில்ட்தான், அதான் துண்டுத்துணி சேர்த்து, அடுக்கி வச்சுத் தைக்கிற போர்வை. கவாந்தின்னு ஒண்ணு வருது, ஜப்பான்காரங்க சாஷிகோன்னு நீலத் துணில வெள்ளை நூல் ஓட்டுறாங்க, கிழிஞ்ச ஜீன்ஸை மறைக்காம தெரியுற மாதிரியே ஒட்டுப்போட்டு தைக்கிறாங்க, பழைய குவில்ட்ட வெட்டி ஜாக்கெட் தைக்கிறாங்க, இறந்துபோன அப்பாவோட சட்டையெல்லாம் சேர்த்து போர்வை ஆக்குறாங்க. எல்லாத்தையும் பாக்குறப்ப கை பரபரங்குது.

போன மாசம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, பொறக்கப்போற பிள்ளைக்குன்னு ஒரு சின்ன குவில்ட் தைச்சேன். சுங்குடி சிவப்பு, கண்டாங்கி அரக்கு, நடுநடுவுல க்ரீம் கலர் லைனிங் காட்டன், 5 இஞ்ச் கட்டம் கட்டமா வெட்டி சேர்த்தேன். உள்ள பாலியஸ்டர் பஞ்சு ஷீட், பின்னாடி மாமா கட்டுன 8 முழ வேட்டி. மேலாப்பு, அதாவது கட்டம் சேர்த்த மேல்துணி, சேர்க்கிற வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. மூணையும் சேர்த்து மெஷின்ல ஓட்டறப்பதான் மேல்துணி அலையலையா தள்ளிக்கிட்டே போயி ஓரத்துல மடிப்பு விழுந்துச்சு, பின்னாடி திருப்பிப் பார்த்தா வேட்டி ரெண்டு இடத்துல சுருக்கம் விழுந்து அப்படியே தைச்சிருக்கு. பிரிச்சு பிரிச்சு தைச்சேன். அதக்கூட விடுங்க. குடுக்கறதுக்கு முந்தி ஒரு அலசு அலசிக் குடுப்போம்னு தண்ணில போட்டேன். எடுத்துப் பார்த்தா க்ரீம் கட்டம் ஒவ்வொண்ணுலயும் சிவப்பு பக்கத்து ஓரத்துல இருந்து ரோஸ் கலர் ஏறி நடுவரைக்கும் வந்துருச்சு, அரக்கு பக்கத்துல இருந்தது ஒரு மாதிரி தேயிலைக் கறையாட்டம். வேட்டி முழுக்க திட்டுத்திட்டு. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல எனக்கு. வளைகாப்புக்கு கடைல ஒரு செட் வாங்கிக் குடுத்துட்டு வந்தோம்.

விட்டுற மாட்டேன், ப்ளவுஸோட இதையும் ஒரு தொழிலா பண்ணணும்னு இருக்கு. கேக்க வேண்டியது இதுதான். சாயம் போறத எப்படி முன்னாடியே கண்டுபிடிக்கிறது, போன குவில்ட்ட காப்பாத்த வழி இருக்கா. நம்ம ஊர் வெயிலுக்கு பஞ்சு வேணுமா. மெஷினா கையா. விலை என்ன வைக்கிறது, ஒரு கஸ்டமர்கிட்ட கேட்டுப் பார்த்தேன், 800க்கு தருவியாங்கிறாங்க, நான் அதுக்கு ராத்திரி ராத்திரி உக்காந்து 30 மணி நேரத்துக்கு மேல தைச்சிருக்கேன்.

வைகைக்கரை (மதுரை)

அந்த குவில்ட்ட தூக்கிப் போட்டுறாதம்மா, அயர்ன் மட்டும் பண்ணிறாத. சூடு பட்டா ஏறின சாயம் இன்னும் பிடிச்சுக்கும். பெரிய அண்டால கை பொறுக்குற அளவுக்கு சுடுதண்ணி, நிறைய தண்ணியா இருக்கணும், துணி மிதக்கணும், அதுல சோப்புத்தூள் கரைச்சு குவில்ட்ட முழுக்க அமுக்கி வை. ராத்திரி போட்டா காலைல எடு. தண்ணி சிவப்பா இருந்தா கொட்டிட்டு மறுபடி புதுத் தண்ணி. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப பண்ணு, 3 தடவையோ 5 தடவையோ. தண்ணி கம்மியா வச்சா வெளிய வந்த சாயம் போக இடமில்லாம பக்கத்துத் துணிலயே ஏறும், நீ அலசுனப்ப நடந்தது அதுதான். எங்க வீட்ல ஒரு மேசை விரிப்புக்கு இப்படிப் பண்ணி முக்கால்வாசி போச்சு, உனக்கும் போகும்னு நம்பிக்கையோட பண்ணு.

உப்பு போட்டு ஊற வை, வினிகர் ஊத்துன்னு நாலு பேர் வந்து சொல்லுவாங்க. எங்க மாமியார் காலத்துல இருந்து கல்உப்புதான். ஆனா இப்ப வர்ற சாயத்துக்கு அது வேலை செய்யாது. துணில பிடிக்காம மேலோட்டமா ஒட்டிக்கிட்டு நிக்கிற சாயம்தான் தண்ணில வருது, அத கழுவி வெளியேத்தணுமே தவிர உப்பு போட்டு உள்ள பூட்ட முடியாது. சிவப்பு, அரக்கு, கருநீலம், கருப்பு இந்த நாலும் எப்பவும் சந்தேகம்தான்.

சோதிக்கிறது சுலபம். துணி ஓரத்துல ஒரு உள்ளங்கை அளவு நல்லா நனைச்சு, மேல பழைய வெள்ளை வேட்டித் துண்டு வச்சு, சூடான அயர்ன் பாக்ஸ ஒரு நிமிசம் அமுக்கு. வெள்ளைல கலர் ஏறுச்சுன்னா அந்தத் துணிய தனியா சுடுதண்ணில கழுவிக் கழுவி, மறுபடி சோதிச்சு, அப்புறம்தான் கத்தரி. பழைய சேலைதானே, நூறு தடவை துவைச்சதுதானேன்னு நினைச்சிருப்ப, ஆனா நம்ம வீட்ல சேலைய பச்சைத் தண்ணிலதான அலசுறோம், சுடுதண்ணியே பார்த்திருக்காது. வேட்டியும் அப்படித்தான், புதுசுன்னா கஞ்சி போக அலசிட்டுத்தான் வெட்டணும், இல்லன்னா பிறகு சுருங்கி மேலாப்ப இழுக்கும்.

இன்னொண்ணு. சுங்குடின்னு இப்ப கடைல கிடைக்கிறதுல பாதிக்கு மேல அச்சு போட்டது. கையால முடிச்சுப் போட்டு சாயத்துல முக்கின அசல் சுங்குடி உங்கம்மாகிட்ட இருந்தா, புள்ளி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா, நடுவுல கொஞ்சம் சுருங்குன மாதிரி இருக்கும், தடவிப் பார்த்தா தெரியும். இங்க சௌராஷ்டிரா வீடுகள்ல முடிச்சுப் போட்டுக் குடுத்த கைகள் இப்ப ரொம்பக் குறைஞ்சு போச்சு. 2005லயே புவிசார் குறியீடு வாங்குன துணி அது. அப்படி ஒண்ணு இருந்தா சின்ன கட்டமா வெட்டாத, பெரிய துண்டாவே நடுவுல வை.

மழைக்காடு

அக்கா வணக்கம். வீட்டுக்காரர் வேலை விசயமா நாங்க கர்நாடகால தாண்டேலில 6 வருசம் இருந்தோம், அதனால கவாந்தி பத்தி எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், போன்ல வர்ற வீடியோல பாதிப்பேர் அது யாரோடதுன்னே சொல்றதில்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

கவாந்தி, சித்திங்கிற (Siddi) இனத்து மக்களோடது. ஆப்பிரிக்கால இருந்து போர்ச்சுகீசியர்கள் கோவாவுக்கு அடிமைகளா கொண்டு வந்தவங்க, அங்க இருந்து தப்பிச்சு காட்டுக்குள்ள வந்து குடியேறினவங்களோட வம்சத்துல வந்தவங்க. எல்லாபூர், ஹளியால், முண்டகோடு பக்கம் காட்டோரக் கிராமங்கள்ல இருக்காங்க. அந்தப் பொம்பளைங்க பழைய சேலை, சட்டை, பாவாடைத் துணில பிள்ளைகளுக்குப் போர்த்திக்கத் தைக்கிறதுதான் கவாந்தி. பக்கத்துல ஒரு பாட்டி தைக்கிறத திண்ணைல உக்காந்து பாத்துப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன், அவங்களுக்குக் கன்னடமும் கொங்கணியும், எனக்கு அரைகுறை கன்னடம், ஊசி பேசுனதுதான் அதிகம்.

நம்ம நினைக்கிற மாதிரி முதல்ல மேலாப்பு முழுக்க சேர்த்துட்டு அப்புறம் மூணு அடுக்கு போட்டு ஓட்டுறது கிடையாது. அடியில ஒரு காட்டன் சேலைய விரிச்சுக்குவாங்க. ஒரு மூலைல இருந்து ஆரம்பம். சேலை ஓரத்த உள்பக்கமா மடிச்சு, அது மேல முதல் துண்டு, அந்தத் துண்டோட ஓரத்தையும் விரலால உள்ள மடிச்சு விட்டு, ஓட்டுத்தையல். அடுத்த துண்டு முதல் துண்டோட பிசிரு ஓரத்தை மூடுற மாதிரி வரும். இப்படியே நாலு பக்கமும் சுத்தி வந்து, அடுத்த சுத்து, அடுத்த சுத்துன்னு வெளிய இருந்து உள்ள நோக்கிப் போகும். தையல் கோடும் ஓரத்துக்கு ஒட்டியே சுத்திச் சுத்திப் போகும், விரல் அகலம் இடைவெளி விட்டு, கடைசில நடுவுல ஒரு சின்ன சதுரத்துல போயி முடியும். துண்டு சேர்க்கிறதும் அடுக்கு சேர்க்கிறதும் ஒரே தையல்ல முடிஞ்சுருது பாருங்க. ஓரத்துக்கு தனியா பட்டி அடிக்க வேண்டியதில்ல, மடிப்பு விழற பிரச்சினையும் ரொம்பக் குறைவு, ஏன்னா துணிய இடது கையால ஒவ்வொரு அங்குலமா தடவித் தடவி தட்டையாக்கிக்கிட்டேதான் போறோம்.

முடிச்சதும் நாலு மூலைலயும் ஒரு சின்னத் துணிய முக்கோணமா பல மடிப்பு மடிச்சு வச்சுத் தைப்பாங்க. ஃபூலான்னு பேரு, பூ. அது இல்லாத கவாந்தி அவங்களுக்கு உடுப்பில்லாத மாதிரி. நான் முதல்ல தைச்சதுல வைக்காம விட்டுட்டேன், அந்தப் பாட்டி ஒண்ணும் சொல்லல, மடில வாங்கி வச்சுக்கிட்டு தன் பைல இருந்து ஒரு மஞ்சத் துண்ட எடுத்து அவங்களே நாலையும் வச்சுக் குடுத்தாங்க. அந்தக் கவாந்தி இப்பவும் என் மகன் கட்டில்ல கிடக்கு, மஞ்சள் வெளுத்துருச்சு.

பஞ்சு பத்திக் கேட்டீங்க. திண்டுக்கல் வெயிலுக்கு பாலியஸ்டர் பஞ்சு வேண்டவே வேண்டாம் அக்கா, காத்து போகாது, பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும். நடுவுல இன்னொரு நைஞ்ச சேலையோ வேட்டியோ ஒரு அடுக்கு வச்சாலே போதும். வங்காளத்துல கந்தான்னு தைக்கிறதும் இதேதான், பழைய சேலைய அடுக்கி ஓட்டுத்தையல் போடுறது, சேலை பார்டர்ல இருந்து உருவின நூலாலயே பூவேலை பண்ணுவாங்களாம் அந்தக் காலத்துல. கந்தைன்னு நம்ம சொல்றதும் அந்த கந்தாவும் ஒரே சொல்லுதான். கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொன்ன நம்ம ஊர்ல அத அடுக்கித் தைச்சு மூடிக்கவும் செஞ்சிருக்காங்க, பிள்ளை பெத்த வீட்ல எல்லாம் அப்படி ஒண்ணு கிடந்திருக்கும்.

விக்கிறதா இருந்தா ஒரே ஒரு வேண்டுதல். "சித்தி மக்களோட கவாந்தி முறைல தைச்சது"ன்னு சீட்டுல எழுதி வைங்க. கவாந்தின்னு பேரு போட்டு சும்மா விக்காதீங்க.

குளிர்நாட்டுத் தையல் (டொரொன்டோ)

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, டொரொன்டோவில இருக்கிறன். இஞ்ச வந்து குளிருக்க இருந்துதான் குவில்ட் பழகினனான். ஊரில இருக்கேக்க அம்மம்மா பழஞ்சீலையை மடிச்சுத் தைச்சு குழந்தைப்பிள்ளைக்கு விரிக்கிறது மட்டும்தான் கண்டிருக்கிறன், அதுக்கு ஒரு பெயர் இருக்கெண்டே யோசிச்சதில்லை.

உங்கட மெஷின் கதையைச் சொல்லுறன். அது உங்கட கைப்பிழை இல்லை. மெஷின்ர பல்லு அடித்துணியை மட்டும்தான் இழுக்கும், மேல்துணியை ஃபூட் அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கும். ரெண்டு மெல்லிய துணியெண்டா தெரியாது. நடுவில பஞ்சு வந்தோடன கீழ இருக்கிறது ஓட மேல இருக்கிறது பிந்தும், அதுதான் அந்த அலை. வாக்கிங் ஃபூட் எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு மேலயும் பல்லு இருக்கும், ரெண்டு பக்கமும் சேர்த்து நகர்த்தும். உங்கட மெஷினுக்கு பொருந்துதோ எண்டு மெஷின் திருத்துற ஆளிட்டக் காட்டிப்போட்டு வாங்குங்கோ, ஃபூட் பூட்டுற தண்டின்ர உயரம் மெஷினுக்கு மெஷின் மாறும். அது இல்லாட்டி, ஃபூட் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணி மெஷின்ர தலையில இருக்கெல்லோ, அதைக் கொஞ்சம் இளக்கி விடுங்கோ. தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு மேல வையுங்கோ. ப்ளவுஸுக்கு வைக்கிற குட்டித் தையல் இதுக்குச் சரிவராது.

ஆனா அதைவிட முக்கியம் அடுக்கைப் பிடிச்சு வைக்கிறது. பின்துணியை நிலத்தில விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி, இறுக்கமா ஆனா இழுபடாம. அதுக்கு மேல பஞ்சோ சீலையோ, அதுக்கு மேல மேலாப்பு. நடுவில இருந்து வெளிய நோக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கோ. மெஷினில தைக்கிறதும் நடுவில இருந்துதான் வெளிய போகவேணும். ஓரத்தில இருந்து துவங்கினா துணியெல்லாம் நடுவில வந்து குவியும்.

சீலையைப் பின்துணியாப் போடப்போறீங்கள் எண்டா சீலை அகலத்துக்கு ஏத்தமாதிரிக் கணக்குப் பாருங்கோ. 5 இஞ்ச் கட்டம் வெட்டி கால் இஞ்ச் உள்தையல் விட்டா நாலரை இஞ்ச் நிக்கும். அகலத்துக்கு 9, நீளத்துக்கு 13, மொத்தம் 117 கட்டம், முடிய நாற்பதரைக்கு ஐம்பத்தெட்டரை இஞ்ச் வரும். சீலை 45 இஞ்ச் அகலம் எண்டாலே ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச் மிச்சம் நிக்கும், பின்னால ஒட்டே போடத் தேவையில்லை. பழஞ்சீலையில கொசுவம் வாற இடமும் கீழ்க்கரையும்தான் முதல்ல இத்துப்போறது. வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்து, ரெண்டு பெருவிரலாலயும் இழுத்துப் பாத்து, இழை விலகினா அந்த இடத்தை விட்டுடுங்கோ. விட மனமில்லை எண்டா பின்னால அயர்ன் பண்ணி ஒட்டுற மெல்லிய கேன்வாஸ் ஒட்டி எடுக்கலாம்.

இஞ்ச இப்ப என்ன நடக்குதெண்டும் சொல்லுறன். அளவுகோல் வச்சு வெட்டாம கத்தரி போன போக்கில வெட்டிச் சேர்க்கிறதை நிறையப் பேர் செய்யினம். அதைச் சொன்னா அலபாமாவில ஜீஸ் பெண்ட் எண்ட ஊரைச் சொல்லாமல் விடக்கூடாது. பருத்தித் தோட்டத்தில அடிமைகளா இருந்த கறுப்பின மக்களின்ர சந்ததி. இத்துப்போன வேலைச்சட்டை, ஜீன்ஸ், மாச்சாக்கு எதையும் விடாம குளிருக்குப் போர்க்கத் தைச்சவை. 2002 இல ஹூஸ்டன் மியூசியத்தில சுவரில தொங்க விட்டினம், பிறகு நியூயோர்க் விட்னி மியூசியத்துக்கும் போனது, 2006 இல அமெரிக்காவில தபால் முத்திரையாவே வந்தது. நான் படத்தில பாத்த ஒண்டில முழங்கால் தேய்ஞ்ச இடம் வெளுத்துப்போய் அப்பிடியே இருக்கு, பொக்கற் கழட்டின இடம் மட்டும் கடும்நீலம். அந்த மனுசன் எத்தினை வருசம் முழந்தாளில நிண்டு வேலை செய்திருப்பார் எண்டு அந்தத் துணியே சொல்லுது.

குவில்ட் ஜாக்கெட் பற்றி எனக்கு மனவருத்தம் இருக்கு. 2021 இல ஏசாப் ராக்கி எண்ட ராப் பாட்டுக்காரர் நியூயோர்க்கில நடக்கிற மெட் காலா எண்ட ஃபஷன் விழாவுக்கு ஒரு பென்னாம்பெரிய குவில்ட்டைப் போர்த்திக்கொண்டு வந்தவர், ஆரோ ஒரு பூட்டம்மா தைச்ச பழைய குவில்ட்டை வச்சுச் செய்தது அது. நல்லதுதான், எல்லாரும் திரும்பிப் பாத்தவை. ஆனா இஞ்ச பழைய சாமான் கடையில நூறு வருசத்துக் குவில்ட்டை வாங்கி ஜாக்கெட்டுக்கு வெட்டுறதைக் கண்ணால கண்டிருக்கிறன். கிழிஞ்சதெண்டாச் சரி, முழுசா நல்லா இருக்கிறதை வெட்டுறதை என்னால ஏற்க முடியேல்லை. நீங்கள் உங்கட துண்டுத்துணியில புதுசா அடுக்குத் தைச்சு அதில ஜாக்கெட் வெட்டுங்கோ, ப்ளவுஸ் வெட்டுற கைக்கு அது வலு சுகம்.

கணக்குநோட்டு (கோயம்புத்தூர்)

விலை பத்தி யாருமே பேசலையேங்க, அத நான் சொல்றேன். நானும் இலவசத் தையல் மெஷின் திட்டத்துல, அதாங்க சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல அரசாங்கம் குடுக்குதே, அதுல வந்த மெஷின்ல ஆரம்பிச்சவதான். முத ரெண்டு வருசம் வந்த விலைக்குக் குடுத்துக் குடுத்து நூல் காசுகூட நிக்கலைங்க.

உங்க ஊர்ல லைனிங் ப்ளவுஸ் ஒண்ணு 400 ரூபாய்னு வச்சுக்குவோம், 3 மணி நேரம் ஆகும்னா மணிக்கு 130 ரூபாய்க்கு மேல உங்க கை சம்பாதிக்குது. 30 மணி நேரம் குவில்ட்ல உக்காந்தா கூலியே 4,000 ஆச்சுங்க. அதுக்கு மேல நூலு, பின்துணி, கரண்ட்டு. 800க்குக் கேக்குறவங்க மேல கோவப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லைங்க, அவங்க பார்த்திருக்கிறது கடைல அடுக்கி வச்சிருக்கிற ஜெய்ப்பூர் ரஜாய் போர்வை, அது துணியே அச்சு, ஓட்டுறது பெரிய மெஷின். அவங்க நம்ம கஸ்டமரே இல்லைங்க. குறைச்சு மட்டும் குடுத்துறாதீங்க, ஒரு தடவை 800ன்னு ஊருக்குத் தெரிஞ்சா பிறகு ஏத்தவே முடியாது.

பெருசு ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு, அதுவும் ஆர்டர் பிடிச்சு, பாதி முன்பணம் வாங்கிட்டு. மெமரி குவில்ட்டுக்கு நல்ல கேள்வி இருக்குதுங்க, பிள்ளை முதல் வருசத்துல போட்ட சட்டைத் துணி, பாட்டி சேலை, இப்படி அவங்களே துணி கொண்டு வந்து குடுப்பாங்க, விலை பேச மாட்டாங்க. துணி வாங்கும்போதே எந்த இடத்துல வெட்டலாம், எது மிஞ்சுனாத் திருப்பித் தரணும்னு எழுதி கையெழுத்து வாங்கிருங்க. எனக்கு ஒரு தடவை சேலை முந்தானைய வெட்டிட்டேன்னு பெரிய மனக்கசப்பு ஆயிருச்சுங்க, அவங்க அழுதது இன்னும் கண்ணுல நிக்குது.

மாசா மாசம் காசு வர்றது சின்னதுலதாங்க. பௌச்சு, மேசை நடுவுல விரிக்கிற ரன்னர், காய்கறிப் பை. 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கம் ஆரம்பிச்சதுல இருந்து துணிப்பையக் கைல வச்சிருக்கறது ஒரு பெருமையா மாறிருச்சு, கல்யாணத்துக்கு தாம்பூலப்பையே ஒட்டுத்துணில தைச்சுக் கேக்குறாங்க. சூடான பாத்திரம் பிடிக்கிறதுக்கு தைச்சீங்கன்னா உள்ள பாலியஸ்டர் ஒரு நூல் கூட வேண்டாங்க, உருகிக் கையில ஒட்டும். பழைய டர்க்கி டவலு ரெண்டு அடுக்கு, ஜீன்ஸ் ஒரு அடுக்கு, அது போதும். அப்புறம் திருப்பூர் பக்கம் இருந்து பனியன் வேஸ்ட் கிலோ கணக்குல மலிவா கிடைக்குதுன்னு யாராச்சும் சொன்னா அதுல போயி விழுந்துறாதீங்க. பின்னல் துணி, இழுபடும், காட்டனோட சேர்த்தா ஒரு துவைப்புலயே கோணிக்கும். மிதியடி பின்றதுக்கு வேணா ஆகும்.

மழைக்காடு அக்கா பேரு போடச் சொன்னது நியாயமான பேச்சுங்க. ஆனா கைத்தையல் மட்டுமே போட்டு தொழில் ஓட்டலாம்னா அத நான் ஒத்துக்க மாட்டேன். சேர்க்கிறத மெஷின்ல சேர்த்துட்டு மேல மட்டும் கைல ஓட்டுங்க. பாதி நேரம் மிச்சம்.

மழைக்காடு

கணக்குநோட்டு, சேர்த்துட்டு ஓட்டுனா அது நல்ல குவில்ட்தான், அதுல ஒரு குறையும் இல்ல, ஆனா கவாந்தி ஆகாது. அந்தப் பேர அதுக்கு வைக்காம இருந்தா போதும்.

தேர்வீதி (கும்பகோணம்)

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ஒட்டுத்துணி வேலைய எல்லாம் வெளியூர்ல இருந்துதான் கத்துக்கணும்னு நம்ம பிள்ளைங்க நினைச்சுறக் கூடாதுன்னு எழுதுறேன். தேர்த்திருவிழால தேர்ல தொங்குற தொம்பை பார்த்திருப்பீங்க, குழல் மாதிரி நீளமா. சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள் துணில யாளி, அன்னம், தாமரை வெட்டி மேல வச்சு ஓரத்த மடிச்சு தைக்கிறது. எங்க பக்கமும் தஞ்சாவூர் பக்கமும் இன்னமும் தைக்கிறாங்க. எங்க தெருவுல ஒருத்தர் மாவுக்கட்டியால கோடு போட்டுக்கூடப் பார்த்ததில்ல, யாளி மூக்க நேரா கத்தரியாலயே வளைச்சு எடுப்பார். அடுத்த தடவை தேர் பார்த்தா கிட்டப் போயி அந்தத் தையலப் பாருங்க.

ஊசிமுனை (திண்டுக்கல்)

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தர் எழுதுனதையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன், எங்கம்மாவுக்கும் படிச்சுக் காமிச்சேன்.

மதுரைம்மா, நீங்க சொன்ன மாதிரி அண்டால போட்டேன். முதல் தண்ணி ரோஸ் மில்க் மாதிரி. ரெண்டாவது அதுல பாதி. நாலாவது தண்ணி தெளிஞ்சுருச்சு. க்ரீம் கட்டத்துல இப்ப உத்துப் பார்த்தாத்தான் தெரியுது, அரக்கு ஏறுன மூணு கட்டம் மட்டும் போகல, அத பிரிச்சு மாத்திடுறேன். அந்த அயர்ன் சோதனைய பரண்ல இருந்த சிவப்பு பிட்டு எல்லாத்துக்கும் பண்ணேன், 14ல 9 கலர் விட்டுச்சு. ஒரே நாள் சாயங்காலம் அத்தனையும் கழுவி கொடில போட்டேன், தெரு முழுக்க கேக்குறாங்க யார் வீட்டு விசேசம்னு.

அம்மா சேலைல ஒண்ணு அசல் முடிச்சு சுங்குடிதான், அம்மாவே சொன்னாங்க, அவங்க கல்யாணத்துக்கு அடுத்த வருசம் மதுரைல புதுமண்டபத்துக்கிட்ட எடுத்ததாம். அத வெட்டல. கவாந்திக்கு அதத்தான் அடிச்சேலையா விரிச்சிருக்கேன், பின்பக்கம் முழுசா அப்படியே இருக்கும். வெள்ளிக்கிழமை மூலை பிடிச்சு ஆரம்பிச்சேன். முதல் பக்கம் ஓட்டுறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு, மெஷின் வேகத்துக்குப் பழகுன கை, தையல் ஒண்ணு அரிசி அளவு ஒண்ணு கடுகு அளவுன்னு வந்துச்சு. அம்மா பக்கத்துல வந்து உக்காந்து, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, ஊசில மூணு தையல் ஒண்ணா கோத்து இழுத்துக் காமிச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு அவங்க ஊசி பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. எங்க அண்ணனுக்கு விரிக்க இப்படித்தான் ரெண்டு சேலைய மடிச்சுத் தைச்சேன்னு சொல்றாங்க, இத்தனை வருசம் கேக்கவே இல்ல நான். இப்ப எதிர் எதிர் பக்கமா உக்காந்து தைக்கிறோம்.

விலை நோட்டு ஒண்ணு போட்டு மணி எழுதிக்கிட்டு வர்றேன். 800 கேட்டவங்களுக்கு முடியாதுங்கன்னு சொல்லிட்டேன், அவங்களே மறுநாள் பௌச்சு 3 கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

ஒரு சந்தேகம். நான் ஓட்டுறது ஆங்கர் எம்ப்ராய்டரி நூல், 6 இழைல 3 இழை பிரிச்சு. ரெண்டாவது சுத்துலயே நூல் பிசிரு எந்திரிக்குது. நூல் தப்பா, ஊசி தப்பா?

மழைக்காடு

நீளமா கோக்குறீங்கன்னு நினைக்கிறேன் அக்கா. கைல விரல்ல இருந்து முழங்கை வரைக்கும் நீளம் போதும், அதுக்கு மேல கோத்தா துணிக்குள்ள போயிப் போயி வந்தே நைஞ்சுரும். எம்ப்ராய்டரி நூல் முறுக்கு கம்மி, அதுக்குப் பதிலா முறுக்கு நூல், பேர்ல் காட்டன் 8ஆம் நம்பர் உருண்டையா வரும், அத வாங்குங்க. ஊசி காது கொஞ்சம் பெருசா இருக்கட்டும், நூல் போக துணில வழி விடணும். நடுவிரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாம இருக்கப் போடுற விரல்தொப்பி) மாட்டிக்கோங்க, மூணு அடுக்கு தள்ளித் தள்ளி நாலாவது நாள் விரல் புண்ணாயிரும். அம்மாவுக்கும் சேர்த்து ரெண்டா வாங்குங்க.